ஏஐ முதலில் கை வைப்பது பெட்டியடிப் பையன் வேலையில்தான்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஊர் தேவகோட்டைப் பக்கம். பி.காம் முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பில் என்ட்ரி பார்க்கிறீர்கள். தம்பி ஆத்தங்குடியில் டைல் பட்டறைக்குப் போகிறார், மாமா புதுவயலில் அரிசி ஆலையில் இருக்கிறார், அக்கா சென்னையில் கஸ்டமர் கேர் வேலையில். "எங்கள் நாலு பேரில் யார் வேலையை ஏஐ முதலில் எடுக்கும், நான் இப்போது என்ன படிக்கலாம்?" என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் பில் அடிக்க உட்கார்ந்த நாற்காலியிலிருந்து மேலே போக வழி இருக்குமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதிலேயே வந்துவிடும்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக்கடையில் ஒரு பையன் எடுத்த எடுப்பில் ஏஜெண்டாக உட்காரவில்லை. முதலில் பெட்டியடிப் பையன். ஏவின வேலையைச் செய்வான், வசூலுக்கு அலைவான், அடுத்தவர் எழுதிய கணக்கைப் பார்த்துப் படி எடுப்பான். பிறகு அடுத்தாள், அப்போதுதான் பேரேடு கைக்கு வரும். அதற்கும் மேலேதான் ஏஜெண்ட். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் கையை மூடிக்கொள்ள வேண்டும் என்ற முடிவு அவருடையது. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஐந்தொகை (சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கு) போட்டு முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டியதும் அவர்தான். அந்த ஐந்தொகையில் தவறு எந்த வரியில் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது, ஒரு காலத்தில் அதே மாதிரி வரிகளைத் தன் கையால் படி எடுத்ததால். இன்றைய ஏஐ நன்றாகச் செய்வது பெட்டியடிப் பையன் வேலையை. அடுத்தாள் வேலையில் ஒரு பகுதியையும் செய்கிறது. ஏஜெண்டின் பொறுப்பை அது ஏற்பதில்லை. ஆகவே பெரும்பாலான தொழில்கள் அப்படியேதான் இருக்கும், அவற்றுக்குள் நுழைகிற முதல் படிதான் தேய்கிறது என்பது என் தீர்மானமான கருத்து.

இதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மென்பொருள், வாடிக்கையாளர் சேவை போல ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, ஏஐ அதிகம் தொடாத தொழில்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்கு அந்தச் சரிவு இல்லை. இது அமெரிக்காவின் கணக்கு. சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு அந்த 13 சதவீதத்தை அப்படியே பொருத்துவது தவறு. இங்கே சம்பளம் குறைவு, பில் பாதிக்கு மேல் காகிதத்தில் வருகிறது, முதலாளிகள் மெதுவாகத்தான் மாறுவார்கள். ஆனால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

ஒரு வேலையை ஏஐ எந்த அளவு எடுக்கும் என்று பார்க்க, தொழிலின் பெயரை விட்டுவிட்டு அன்றன்றைக்குச் செய்கிற காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காரியத்துக்கும் நான்கு கேள்வி போதும். அதற்கு வேண்டிய விவரம் ஏற்கெனவே திரையிலோ படத்திலோ இருக்கிறதா? செய்தது சரியா தவறா என்று சீக்கிரம் சரிபார்க்க முடியுமா? தவறினால் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்பவர் யார்? அந்த இடத்தில் ஆள் நின்றால்தான் நடக்குமா? முதல் இரண்டுக்கும் ஆம், கையெழுத்து வேறொருவருடையது, ஆள் நிற்க வேண்டியதில்லை என்றால், அந்தக் காரியம் உங்கள் கையை விட்டுப் போகும். பில் என்ட்ரி அப்படிப்பட்ட காரியம். வருத்தமான செய்திதான், ஆனாலும் அதை மழுப்பிச் சொல்வதால் உங்களுக்குப் பயனில்லை.

உங்கள் வேலையைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன். கொள்முதல் பில்லைப் போனில் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்தால் கட்டம் கட்டமாகப் பிரித்து எக்செல்லில் இறக்கும். அச்சிட்ட பில்லில் பெரும்பாலும் சரியாகவே வரும். கார்பன் தாளில் மங்கிய பில், கையெழுத்து பில், மடிப்பு விழுந்த பில் என்றால் தடுமாறும். எட்டை ஆங்கில பி-யாகவும் ஐந்தை எஸ்-ஆகவும் படிக்கும், ஒன்றும் ஏழும் குழம்பும். 03-04-2025 என்பது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்று மாற்றிப் போடும். லாரி வாடகையையும் ரவுண்ட் ஆஃபையும் சரக்கு மதிப்போடு சேர்த்துவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, படிக்க முடியாத இடத்தை அது வெற்றாக விடுவதில்லை. பொருத்தமாகத் தெரிகிற எண்ணை நிரப்பிவிடும். "தெளிவில்லாததை வெற்றாக விடு" என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் எல்லா முறையும் கேட்கும் என்று நம்பக் கூடாது.

அதனால் சரிபார்ப்பை ஏஐயிடமே விடாமல் எக்செல் சூத்திரத்தில் வையுங்கள். வரிக்குரிய மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் பில்லில் உள்ள வரியோடு ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மத்திய வரியும் மாநில வரியும் சமமாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினாலையும் வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எழுத்து. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அது காட்டிக் கொடுக்கும். ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து வைத்துத் தேடினால், ஒரே பில்லை இரண்டு தடவை படம் எடுத்தது வெளியே வரும். மாதம் 14-ஆம் தேதி வரும் 2பி-யோடு (விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கை) ஒத்துப் பார்க்கும்போது, விற்றவர் 0117 என்று ஏற்றியதும் உங்கள் புத்தகத்தில் 117 என்று இருப்பதும் ஒரே பில் என்று கண்டுபிடிப்பதில் ஏஐ நன்றாக உதவும். அந்த வேலையைத் தயங்காமல் அதனிடம் கொடுங்கள்.

எண் சரியாக இருந்தும் முடிவு தவறுகிற இடங்களில்தான் உங்களுக்கு எதிர்காலம் இருக்கிறது. வாடிக்கையாளர் பெங்களூருக்குச் சரக்கு பார்க்கப் போய் ஓட்டலில் தங்கினார், பில் கொண்டுவந்தார் என்று வையுங்கள். எண் 29-இல் தொடங்கும், அதில் மத்திய வரியும் கர்நாடக மாநில வரியும் போட்டிருக்கும். வெளி மாநில பில் என்றால் ஒருங்கிணைந்த வரிதானே என்று இயந்திரம் மாற்றவும் செய்யலாம், அப்படியே உள்ளீட்டு வரியாக (வாங்கும்போது கட்டியதை, செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கவும் செய்யலாம். இரண்டும் தவறு. ஓட்டல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த இடத்துச் சேவை அது. தமிழ்நாட்டுப் பதிவில் அந்த வரியைக் கழிக்க முடியாது. முதலாளியின் சொந்தக் கார், ஊழியர் சாப்பாடு பில் போன்றவை பெரும்பாலும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவில் தடைபடும். தவறாக எடுத்து உபயோகித்துவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும். அடுத்து விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் 28-இலிருந்து 18 சதவீதத்துக்கு வந்தது. நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகை, உள்ளீட்டு வரி இல்லாமல் 5 சதவீதம் ஆனது. அதற்கு முந்தைய தரவில் பயின்ற ஏஐயிடம் கேட்டால் பழைய விகிதத்தை உறுதியான குரலில் சொல்லும். கானாடுகாத்தானில் வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துபவருக்கும் ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருப்பவருக்கும் இந்த இரண்டு மாற்றமும் அன்றாடக் கணக்கு. பில் தேதியைப் பார்த்து எந்த விகிதம் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். கடைசியில் சான்றிதழில் கையெழுத்திட்டு 18 இலக்க யூடிஐஎன் (அந்தச் சான்றிதழுக்கான தனி அடையாள எண்) எடுப்பவர் ஆடிட்டர்தான். தவறுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், தவறைப் பிடிக்கிற ஆளை அவர் விடமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளரின் பான், வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் ஆகியவற்றை உங்கள் சொந்தப் போனில் உள்ள இலவச ஏஐ செயலியில் ஏற்றாதீர்கள். அது எங்கே சேமிக்கப்படுகிறது, பயிற்சிக்கு எடுக்கப்படுகிறதா என்பது அந்தச் செயலியின் அமைப்பைப் பொறுத்தது. 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக இல்லை. ஆபீஸ் பணம் கட்டி வாங்கிய கணக்கு, ஆடிட்டரின் அனுமதி, இரண்டும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மாமாவின் அரிசி ஆலையில் இந்த மாற்றம் ஏஐ என்ற பேச்சு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. கறுப்பு, பழுப்பு, கல் என்று பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிய வேலையைச் சார்டெக்ஸ் என்ற நிறம் பிரிக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அரிசி சரிவில் வழுக்கி விழும்போது கேமரா பார்க்கும், ஆகாத மணி வரும் நொடியில் அழுத்தக் காற்று அதை ஒதுக்கித் தள்ளும். புது இயந்திரங்கள் நிறத்தோடு வடிவத்தையும் கற்றுக்கொண்டு பிரிக்கின்றன. பொறுக்கிய வேலை திரும்பி வராது. மிஞ்சியிருப்பது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கண்ணாடியில் தவிடு படிந்தாலோ, கம்ப்ரசர் காற்றில் ஈரம் சேர்ந்தாலோ, விளக்கு மங்கினாலோ பிரிப்பு கெடும். உணர்திறனைக் கூட்டி வைத்தால் கழிவோடு நல்ல அரிசியும் போகும், குறைத்தால் மூட்டையில் கறுப்பு வரும். கழிவில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் நல்ல மணி எத்தனை என்று எண்ணி, நெல் ரகத்துக்கு ஏற்ப அமைப்பை மாற்றத் தெரிந்தவருக்கு எந்த ஆலையிலும் மதிப்பு உண்டு. மாமா அந்த இடத்தில் இருக்கிறாரா, மூட்டை தைக்கும் இடத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கான பதில்.

நாலு பேரில் உடனடிக் கவலை குறைவானவர் தம்பி. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் நிறக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கும் வேலை அது. சூளை கிடையாது, கையின் வேகமும் கலவையின் பதமும்தான் எல்லாம். அப்படி ஊற்றும் வேலையைச் செய்யும் இயந்திரக் கை இத்தனை மலிவான பொருளுக்கு வந்து சேர நாளாகும். ஏஐ நுழைவது வடிவமைப்பிலும் வாடிக்கையாளரிடம் காட்டும் படத்திலும். அது வரைகிற பூவில் கோடுகள் அச்சின் தகட்டை விட மெல்லியதாக இருக்கும், நாலு டைல் சேரும் மூலையில் வடிவம் ஒட்டாது. இதைத் திருத்தத் தெரிந்தவர் வேண்டும். கணக்கிலும் அப்படித்தான். 12-க்கு 20 அடிக் கூடத்துக்குப் பத்து அங்குல டைல் எத்தனை என்று கேட்டால், பரப்பை வகுத்து 346 என்று சொல்லும். 12 அடி என்பது பதினாலு முழு டைலும் ஒரு நாலு அங்குலத் துண்டும். வடிவம் தொடர வேண்டுமானால் ஒரு பக்கத்து வெட்டுத் துண்டை இன்னொரு இடத்தில் பெரும்பாலும் ஒட்ட முடியாது. ஆக 15 வரிசை, வரிசைக்கு 24, மொத்தம் 360. உடைவுக்கு மேலே சேர்க்க வேண்டும். கொத்தனாருக்கு இது யோசிக்காமலே தெரியும்.

செட்டிநாட்டுக் கண்டாங்கி நெசவுக்கும் இதே நிலைதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கட்டத்தையும் அகலக் கரையையும் ஏஐ அழகாக வரைந்து தரும், ஆனால் பாவில் (தறியின் நீளவாட்டு இழைகளில்) எத்தனை இழைக்கு நிறம் மாற வேண்டும் என்ற கணக்கு அந்தப் படத்தில் இருக்காது. அதைப் போட்டுத் தருகிறவருக்குப் படம் எளிதாகக் கிடைப்பது லாபம். நெசவாளரின் உண்மையான போட்டி பல வருஷமாகவே விசைத்தறி. அதை ஏஐ தலையில் கட்ட வேண்டாம்.

அக்காவின் வேலைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், பதிலை எடுத்துக் கொடுக்கும் ஏஐ உதவியாளர் வந்ததும் மணிக்குத் தீர்க்கும் புகார்கள் சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 30 சதவீதத்துக்கும் மேல் கூடியது, அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய மாற்றமில்லை. புதியவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மூன்று புதியவர் சேர்ந்து நாலு பேர் வேலையை முடித்தால், நாலாவது ஆளை எடுக்கத் தேவையில்லை. இந்த ஆய்வும் மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்ட் ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். கணக்கு இருப்பு, ஆர்டர் நிலை, பாஸ்வேர்டு மாற்றம் மாதிரியான அழைப்புகள் போய்விடும். கோபமாக வருபவர், விதியில் இல்லாத பிரச்சினை, பணம் திருப்புவதா என்ற முடிவு ஆகியவை மிஞ்சும். அக்கா அந்தப் புகார்களைக் கையாளும் பிரிவுக்கு இப்போதே கேட்டு மாறுவது நல்லது.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்தலாம் என்று ஏஐ ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். இன்றும் அவர்களுக்குத் தட்டுப்பாடுதான். அதே 2016-இல் விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் கூகுள் ஆய்வு வெளிவந்தது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் பங்கெடுத்தது. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில் ஏஐ துணையோடு படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. வேலை குறைந்தது, மருத்துவர் தேவை குறையவில்லை. எல்லாத் தொழிலிலும் இப்படி நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவரைத் தேடி வரும் கூட்டத்துக்கு முடிவில்லை, பில் என்ட்ரிக்கு முடிவு உண்டு.

வழக்கறிஞர் ஆபீஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பகுதிக்கு அது முக்கியம். 2023-இல் நியூயார்க்கில் ஏஐ கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம், கீழமை நீதிமன்றங்கள் தீர்ப்பு முடிவுக்கு ஏஐயை நாடக் கூடாது என்று விதி வகுத்தது. செட்டிநாட்டில் சிக்கல் வேறு விதம். ஒரு பெரிய வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் பத்திரத்தில் வரும். இடையில் பிள்ளை கூட்டியிருந்தால் (தத்தெடுத்திருந்தால்) தகப்பன் பெயரும் மாறும். பழைய பத்திரங்களைக் கொடுத்து வாரிசுப் பட்டியல் கேட்டால், ஏஐ தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிடக்கூடும். ஒரு பங்கு காணாமல் போனால் பாகப்பிரிவினையே செல்லாமல் போகலாம். பழைய பேரேடுகளுக்கும் இதே கதிதான். தமிழ் எண்களும் மா, காணி, முந்திரி என்ற பின்னக் குறிகளும் கையெழுத்தில் கலந்திருக்கும். அந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019-இல்தான், இயந்திரம் பயில்வதற்கு மாதிரி மிகக் குறைவு. அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே யாராவது உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. காரைக்குடியும் சென்னையும் ரங்கூனும் ஒரே நாளில், 1937 பிப்ரவரி 10-இல், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கதவைத் திறந்த ஊர்கள். அந்த வணிகத்தின் கணக்குகள் படிக்க ஆளில்லாமல் பரணில் மக்குவது பெரிய இழப்பு.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். திரையில் இருக்கும் விவரத்தை எடுத்து எழுதும் வேலை மலிவாகிவிட்டது, இது உறுதி. நம்பிக்கையோடு தவறு சொல்லும் குணம் குறைந்திருக்கிறது, நீங்கவில்லை, இதுவும் உறுதி. ஏஐ எல்லோரையும் வேகப்படுத்துகிறது என்பது சந்தேகம். 2025-இல் அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஏஐ உதவியோடு அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது, அவர்களோ வேகமாக முடித்ததாகவே நினைத்தார்கள். சிறிய சோதனை, அப்போதைய கருவிகள். ஆனாலும் வேகம் கூடிய உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதும். ஐந்து வருஷம் கழித்து எந்தத் தொழிலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண் சொல்கிறவரை நம்பாதீர்கள், அந்த எண்ணுக்கு அடிப்படை இல்லை.

என்ன படிப்பது? ஏஐ கோர்ஸ் என்று பெரிய தொகை கேட்கும் இடங்களுக்குப் போக வேண்டாம், கருவி ஆறு மாதத்தில் மாறிவிடும். ஜிஎஸ்டி சட்டத்தில் 16, 17 பிரிவுகளையும் சேவை நடக்கும் இடம் பற்றிய விதிகளையும் மூலத்திலேயே படியுங்கள். எக்செல்லில் தேடல் சூத்திரங்களும் பிவட்டும் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) கையில் பழக வேண்டும். சிஏ எழுத வசதி இருந்தால் யோசியுங்கள், 2023-இல் ஆர்ட்டிகிள் பயிற்சி (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டாம். புது வகை வாடிக்கையாளர் வரும்போது முதல் மாத பில்களைக் கையாலேயே அடியுங்கள், இரண்டாம் மாதம் ஏஐயிடம் கொடுங்கள். அந்த வியாபாரத்தில் எது வழக்கம், எது விபரீதம் என்று அப்போதுதான் கண்ணுக்குப் பழகும்.

அதோடு ஆடிட்டரிடம் ஒரு கோரிக்கை வையுங்கள். வரும் 14-ஆம் தேதி 2பி வந்ததும், ஒரே ஒரு சிறிய வாடிக்கையாளரை, ஒரு ஹார்டுவேர் கடை மாதிரி, முழுதாக உங்களிடம் விடச் சொல்லுங்கள். ஒத்துப் பார்ப்பது, எந்த வரியை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று பக்கத்தில் காரணம் எழுதுவது, விற்றவருக்குப் போன் போட்டு விடுபட்ட பில்லை ஏற்றச் சொல்வது எல்லாம் நீங்கள். 20-ஆம் தேதி 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல்) போகும் முன் அவர் உட்கார்ந்து பார்க்க ஆறு நாள் இருக்கிறது. அவர் சிவப்பு மையில் அடித்துத் தரும் தாளைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த மாதம் அதே தவறு வருகிறதா என்று பாருங்கள். மாதம் பில் மட்டும் அடித்தால் போதும், மற்றது உனக்கு எதற்கு என்று அவர் சொன்னால், வேறு ஆபீஸ் தேட ஆரம்பியுங்கள்.